அபூர்வ ஸ்கேல்கள்: வியாசர்பாடி கீபோர்டு வகுப்பில் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வியாசர்பாடியில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் கீபோர்டும் ஆர்மோனியமும் சொல்லிக்கொடுக்கிறேன். ராயபுரம் சர்ச்சில் வாசிக்கும் பிள்ளைகள் வருவார்கள், கானா செட்டுக்கு வாசிப்பவர்கள் வருவார்கள், காசிமேட்டில் ஐஸ் வேலையை முடித்துவிட்டு அந்த வாசத்தோடே வந்து உட்காரும் ஒருவரும் உண்டு. எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

கட்டை 12, ஸ்வரம் 7, ஆனா பேரு 16ன்றாங்க. இன்னா கணக்கு மாஸ்டர் இது?

'சி' கட்டையை ச என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கறுப்பு வெள்ளை ஒன்றையும் விடாமல் வரிசையாகப் போனால்: ச, ரி1, ரி2, க2, க3, ம1, ம2, ப, த1, த2, நி2, நி3. மொத்தம் 12. இதில் நான்கு கட்டைகளுக்கு மட்டும் இன்னொரு பேர் உண்டு. ரி2 கட்டைக்கு க1 என்றும், க2 கட்டைக்கு ரி3 என்றும், த2 கட்டைக்கு நி1 என்றும், நி2 கட்டைக்கு த3 என்றும் பேர். 12 கூட்டல் 4, ஆக 16.

ஏன் இரண்டு பேர் என்றால், பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்துத்தான் பேர் வைக்க முடியும். 'சி'க்கு அடுத்த கறுப்பை ஏற்கெனவே ரி என்று எடுத்துவிட்டீர்கள். அப்புறம் 'டி'யையும் அழுத்தினால் அதையும் ரி என்று சொல்ல முடியாதே, அதனால் அது க1 ஆகிவிடுகிறது. இது புரிந்தால் கீழே வரும் பாதி சந்தேகம் தானாகத் தீரும்.

ஸ்கேலும் ராகமும் ஒண்ணுதானே?

இல்லை. எந்தெந்தக் கட்டை என்கிற கணக்கு ஸ்கேல். அந்தக் கட்டைகளில் எப்படி நடக்கிறோம், எங்கே நிற்கிறோம், எதை இழுக்கிறோம் என்பது ராகம். ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறும்போது ச ரி2 ம1 ப த2 ச, இறங்கும்போது ச நி3 த2 ப ம1 க3 ரி2 ச. காகிதத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. ஆனால் ஆரபி விறுவிறுவென்று போகும், காந்தாரத்தையும் (க) நிஷாதத்தையும் (நி) சும்மா தொட்டுவிட்டு ஓடும். தேவகாந்தாரி நின்று, இழைத்து, ஆட்டித்தான் போகும். கேட்டுப் பழகியவர் இரண்டு விநாடியில் சொல்லிவிடுவார்.

72தான்னு யாரு முடிவு பண்ணது? 73வது இருக்கக்கூடாதா?

72 என்பது தாய் ஸ்கேல்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் மேளம் என்று பேர். ச, ப இரண்டும் அசையாது. ஏழு ஸ்வரமும் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு வகைதான், ஏறும்போது உள்ளதே இறங்கும்போதும். இதுதான் நிபந்தனை. இப்படிப் பார்த்தால் ரி-க ஜோடி ஆறு விதமாக வரும், த-நி ஜோடியும் ஆறு விதம், மத்யமம் (ம) இரண்டு. 6 × 6 × 2 = 72. அவ்வளவுதான், ரகசியம் எதுவும் இல்லை.

17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி இந்தக் கணக்கைப் போட்டபோது, புழக்கத்தில் இருந்ததாக அவர் சொன்னவை 19தான். மீதி வெறும் கணக்கு, காலியாகக் கிடந்த வீடுகள். இதில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ சிவனாலும் ஆகாது என்ற பொருளில் எழுதியும் வைத்தார். அவருடைய நிபந்தனைக்குள் நின்றால் அது உண்மைதான். நிபந்தனையை மாற்றினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

நானா ஒரு ஸ்கேல் கண்டுபிடிச்சேன். அது புதுசா, ஏற்கெனவே இருக்கான்னு எப்படிப் பாக்கறது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஒரு பையன் போன மாதம் சி, சி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி என்று வாசித்துவிட்டு, "இதுக்கு என் பேரு வைக்கலாமா மாஸ்டர்?" என்றான். வீட்டு நம்பர் தேடுகிற மாதிரி தேடலாம். முதலில் மத்யமம்: ம1 என்றால் முதல் 36க்குள், ம2 என்றால் அடுத்த 36க்குள். அவனுடையது ம2, அதனால் 36ஐக் கையில் வைத்துக்கொள்கிறோம். அடுத்து ரி-க ஜோடி. வரிசை இது: ரி1க1, ரி1க2, ரி1க3, ரி2க2, ரி2க3, ரி3க3. ஒவ்வொன்றும் ஒரு தெரு, தெருவுக்கு ஆறு வீடு. அவனுடையது மூன்றாம் தெரு, ஆகவே இரண்டு தெருவைத் தாண்டியாயிற்று, 12 வீடு. கடைசியாக த-நி, அதே வரிசையில்: த1நி1, த1நி2, த1நி3, த2நி2, த2நி3, த3நி3. அவனுடையது ஐந்தாம் வீடு. 36 + 12 + 5 = 53, கமனாச்ரமம். பையன் முகம் வாடிவிட்டது. தானாகத் தேடி அந்தக் கதவைத் தட்டியிருக்கிறான் என்பதே பெரிய விஷயம் என்று சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

தேடும்போது ஒரு குழப்பம் வரும். ஒரே நம்பருக்கு இரண்டு பேர் கண்ணில் படும். 1ஆம் மேளம் கனகாங்கி என்று ஒரு புத்தகத்திலும் கனகாம்பரி என்று இன்னொன்றிலும் இருக்கும், 56ஆம் மேளம் சண்முகப்பிரியா என்றும் சாமரம் என்றும் இருக்கும். இரண்டாவது பேர்கள் முத்துசுவாமி தீட்சிதர் பின்பற்றிய வரிசை. அந்த வரிசையில் ஏறும்போது, இறங்கும்போது ஸ்வரத்தை விடுவதும் உண்டு என்பதால் நடை கொஞ்சம் மாறும். நம் தெருக்களில் வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருக்கும் இல்லையா? தபால்காரர் இரண்டையும் தெரிந்து வைத்திருப்பார். நீங்களும் அப்படித்தான்.

பேரோட முதல் ரெண்டு எழுத்த வெச்சே நம்பர் சொல்லலாம்னு வீடியோல சொன்னாங்க. எனக்குத் தப்பாவே வருது.

அது கடபயாதி. எழுத்துக்கு ஒரு எண் கொடுத்து, இரண்டு எழுத்தின் எண்ணையும் திருப்பிப் போட வேண்டும். மாயாமாளவகௌளை: மா 5, யா 1, திருப்பினால் 15. மேசகல்யாணி: மே 5, ச 6, திருப்பினால் 65. இதெல்லாம் சரியாக வரும்.

தப்பு வருவது தமிழ் எழுத்தால். அந்தக் கணக்கு வடமொழி எழுத்துக்குப் போட்டது. அதில் த-வில் நான்கு வகை, நாலுக்கும் வேறு வேறு எண். நமக்கோ எல்லாம் ஒரே த. தீரசங்கராபரணத்தின் 'தீ' அங்கே நான்காவது வகை, அதற்கு 9. ர 2. திருப்பினால் 29, சரி. நீங்கள் அதை முதல் த என்று எடுத்து 6 போட்டால் 26 வரும், அது சாருகேசியின் வீடு! வடமொழி எழுத்து தெரியாதவர்கள் மேலே சொன்ன தெருக்கணக்கையே பிடித்துக்கொள்வது நல்லது. நானும் அதைத்தான் போடுகிறேன்.

எனக்கு அஞ்சு ஸ்வரம்தான் கெடச்சுது. அதுக்கு எந்த நம்பர்?

ஒரு நம்பர்தான் என்று இல்லை. மோகனத்தைப் பாருங்கள்: ச ரி2 க3 ப த2. ம-வும் நி-யும் கிடையாது. விட்டுப்போன இடத்தில் எதை வைத்து நிரப்பினாலும் பொருந்தும்: 28, 29, 64, 65 என்று நான்கு வீட்டிலும் அது குடியிருக்கலாம். ஹரிகாம்போதியில் (28) பிறந்தது என்று சொல்வது வழக்கம், அவ்வளவுதான்.

"மொத்தம் 34,776 ராகம் இருக்கு" என்று சிலர் அடித்துச் சொல்வது இந்தக் கணக்கைத்தான். ஒரு மேளத்தில் ஏறும்போது ஏழும் போடலாம் (1 வழி), ஒன்றை விடலாம் (6 வழி), இரண்டை விடலாம் (15 வழி), ஆக 22. இறங்கும்போதும் 22. 22 × 22 = 484, அதில் மேளத்தையே கழித்தால் 483. அதை 72ஆல் பெருக்கினால் 34,776. ஆனால் மோகனம் மாதிரி ஒரே ஆளை நாலு வீட்டிலும் எண்ணிவிட்ட ஜாபிதா இது. அந்த எண்ணைக் கேட்டு மிரளவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம்.

எங்கருந்து தேட ஆரம்பிக்கறது? சும்மா அழுத்திக்கினே இருக்கணுமா?

வேண்டாம். தெரிந்த ஸ்கேலிலேயே ச-வை இடம் மாற்றுங்கள். இதற்கு கிரகபேதம் என்று பேர். கறுப்புக் கட்டைகளை மட்டும் எடுங்கள். மூன்று கறுப்பு சேர்ந்து நிற்கும் இடத்தில் முதல் கறுப்பை ச என்று வைத்து வாசித்தால் மோகனம். அதே ஐந்து கட்டைதான், இரண்டாவது கறுப்பு ச என்றால் மத்யமாவதி. மூன்றாவது என்றால் ஹிந்தோளம். இரண்டு கறுப்புக் கூட்டத்துக்கு வாருங்கள்: முதலாவதில் சுத்த சாவேரி, இரண்டாவதில் சுத்த தன்யாசி. தியாகராஜர் திருவொற்றியூர் வந்து வடிவுடையம்மன் மேல் பாடிய ஐந்து கீர்த்தனைகளில் 'தாரினி தெலுசுகொண்டி' சுத்த சாவேரிதான். நம் வட்டாரத்து அம்மன் பாட்டு கீபோர்டின் கறுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளைக் கட்டையில் செய்தால் ஏழு வரும். சி-யில் சங்கராபரணம், டி-யில் கரகரப்பிரியா, ஈ-யில் தோடி, எஃப்-இல் கல்யாணி, ஜி-யில் ஹரிகாம்போதி, ஏ-யில் நடபைரவி. பி-யில் மட்டும் பஞ்சமம் (ப) கிடைக்காது, அது 72க்குள் வராது. இதை யாரோ வெளிநாட்டுக்காரர் சொன்னதாக நினைக்காதீர்கள். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களை குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு ஸ்வரமாக வட்டத்தில் நிறுத்துகிறார்கள். பாலை என்பது அந்தக் காலத்து ஸ்கேல். செம்பாலையில் தொடங்கிக் குரலை ஒவ்வொரு நரம்பாக, அதாவது ஸ்வரமாக, மாற்றினால் அடுத்தடுத்த பாலை பிறக்கும் என்பது பழைய தமிழிசைக் கணக்கு. செம்பாலையை ஹரிகாம்போதி என்றும், அரும்பாலையை சங்கராபரணம் என்றும், கோடிப்பாலையை கரகரப்பிரியா என்றும் ஆராய்ந்தவர்கள் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். ஜி கட்டையில் ஆரம்பித்து ஒவ்வொரு வெள்ளையாக நகர்த்திப் பாருங்கள், நீங்களே வந்து சேருவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இடது கையில் புதிய ச-வை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் காது பழைய ச-விலேயே நிற்கும், "எல்லாம் மோகனம் மாதிரியே இருக்கு மாஸ்டர்" என்று என்னிடம்தான் வருவீர்கள்.

விவாதி ராகம் வாசிச்சா வீட்டுக்கு ஆகாதாமே? எங்க ஆயா பயமுறுத்துது.

ரி1க1, ரி3க3, த1நி1, த3நி3 ஆகிய ஜோடிகள் வரும் மேளத்தை விவாதி என்பார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இடித்துக்கொள்ளும், அதனால் வந்த பேர். 72ல் 40 இப்படிப்பட்டவை. பாதிக்கு மேல் ஆகாது என்று ஒதுக்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? கோடீஸ்வர ஐயர் 72க்கும் தமிழில் கீர்த்தனை செய்தார், விவாதி என்று எதையும் தாண்டிப் போகவில்லை. ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பதும் இதே ரகப் பேச்சு. நான் ஆகிரி கேட்டுவிட்டுக் காசிமேட்டு வஞ்சிரம் சாப்பிட்ட நாட்கள் உண்டு.

உங்கள் ஆயாவுக்கு 'பனிவிழும் மலர்வனம்' போட்டுக் காட்டுங்கள். அது சலநாட்டை, 36ஆம் மேளம். ரி3க3, த3நி3 என்று இரண்டு ஜோடியும் விவாதி. ஊரே பாடிய பாட்டு. வாசிப்பதில் உள்ள சங்கடம் வேறு: ரி3யில் நிற்காமல் க3க்குப் போகும் வழியாக அதை வைத்துக்கொள்ள வேண்டும். நின்றால்தான் முள்.

கொறஞ்சது எத்தினி ஸ்வரம் இருந்தா ராகம்?

இலக்கணத்தில் ஐந்து. ஆனால் பாலமுரளிகிருஷ்ணா நான்கே ஸ்வரத்தில் மகதி, லவங்கி என்றெல்லாம் செய்தார், மூன்று ஸ்வரத்தில் சர்வஸ்ரீ கூட உண்டு. இதெல்லாம் ராகமா என்று அந்தக் காலத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. 1975ல் வந்த 'அபூர்வ ராகங்கள்' படத்தில் 'அதிசய ராகம்' பாட்டு மகதியில்தான் ஆரம்பிக்கும்.

எங்கள் வகுப்பில் கிட்டாரிலிருந்து வந்த பையன் ஒருவன் இருக்கிறான். ஒரு நாள் 'சி செவன்த்' கார்டை (சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டம்) ஒவ்வொரு கட்டையாகப் பிரித்து, மேலும் கீழுமாக விளையாடிக்கொண்டிருந்தான். சி, ஈ, ஜி, பி ஃப்ளாட். கீழே ச-வை விடாமல் பிடிக்கச் சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து அவனே கையை எடுத்துவிட்டு, "இது இன்னா மாஸ்டர், கார்டு மாதிரியே இல்ல?" என்றான். ச க3 ப நி2. மகதி. கார்டாக அழுத்தினால் அடுத்த கார்டுக்குப் போகத் துடிக்கும். ச-வின் மேல் தனித்தனியாக நடந்தால் அங்கேயே இருக்கிறது.

சர்ச்சுல மைனர்ன்றாங்க, இங்க கீரவாணின்றீங்க. ரெண்டும் ஒண்ணா?

ஸ்கேல் அளவில் ஒன்று. ஹார்மோனிக் மைனர்தான் கீரவாணி (21). சாதா மைனர் நடபைரவி (20). மெலோடிக் மைனர் ஏறும்போது கௌரிமனோகரி (23), இறங்கும்போது நடபைரவி. மற்றபடி இரண்டாவது பதிலில் சொன்னதுதான் இங்கேயும்: கட்டை ஒன்று, நடை வேறு.

இந்தப் பழக்கம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. தீட்சிதர் குடும்பம் மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் இருந்தது. அங்கிருந்து ஜார்ஜ் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரர் பேண்டு வாத்தியத்தைக் கேட்டிருக்கிறார்கள். அந்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார், நோட்டுஸ்வரம் என்று பேர். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' இருக்கிறது. எல்லாம் சங்கராபரணக் கட்டைகள். கமகம் (ஸ்வரத்தை ஆட்டுவது) போட்டு இழுத்தால் பாட்டே கெட்டுவிடும்.

72க்குள்ள வராதது எதுவும் இல்லியா?

நிறைய உண்டு, மூன்றாம் பதிலில் சொன்ன நிபந்தனையை மீறினால் போதும். ப்ளூஸ்காரர்கள் ச க2 ம1 ம2 ப நி2 என்று போவார்கள். இரண்டு மத்யமம் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் எந்த மேளத்திலும் அடங்காது. எட்டு ஸ்வர ஸ்கேல்களும் அப்படித்தான்.

இன்னொன்று விசித்திரமானது. சி-யிலிருந்து ஒரு கட்டை விட்டு ஒரு கட்டை என்று போங்கள்: ச ரி2 க3 ம2 த1 நி2. ஆறே ஸ்வரம், எல்லா இடைவெளியும் சமம். பிரான்சில் தெபுஸி என்ற இசையமைப்பாளர் இதை நிறையப் பயன்படுத்தினார். நம்மிடம் கோப்ரியா என்று இருக்கிறது, ரிஷபப்பிரியாவில் (62) பஞ்சமத்தை எடுத்தால் வரும். இதில் கிரகபேதம் செய்து பாருங்கள். எந்த ஸ்வரத்தை ச என்று வைத்தாலும் அதே ஸ்கேல்தான் திரும்ப வரும். எந்தப் பக்கம் போனாலும் அதே தெருமுனை.

நம்பர் கரெக்ட், கட்டை கரெக்ட், ஆனா அந்த ராகம் மாதிரி வரலியே? கீபோர்டு கோளாறா, கை கோளாறா?

இரண்டும். தோடியின் காந்தாரம் ஒரு கட்டையில் உட்காரும் ஆள் இல்லை, ஆடிக்கொண்டே இருக்கும். கீபோர்டில் பிட்ச் பெண்ட் சக்கரத்தை வைத்து ஓரளவு சமாளிக்கலாம், ஆர்மோனியத்தில் அதுவும் முடியாது. 1940ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டு முப்பது ஆண்டு ஒதுக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தவிர, ஆடாத ஸ்வரத்திலும் வித்தியாசம் உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு நடுவே உள்ள தூரத்தை 100 சென்ட் என்று பிரிப்பார்கள். கீபோர்டின் க3 ச-விலிருந்து 400 சென்ட். தம்புராவில் தானாக எழும் காந்தாரம் 386 பக்கம். தம்புரா ஆப்பைப் போட்டுக்கொண்டு க3யை அழுத்திப் பிடியுங்கள், லேசாக உறுத்தும். அதுதான் இது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபது வயதில் ஒரு பழைய ஆர்மோனியம் வாங்கினேன். அதில் ஒரு ரிஷபம் ரி1க்கும் ரி2க்கும் நடுவில் பேசியது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஸ்கேல் கிடைத்துவிட்டது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதித் தள்ளினேன். பழுது பார்ப்பவர் பெட்டியைத் திறந்து, ரீடில் படிந்திருந்த அழுக்கைச் சுரண்டினார். அபூர்வ ராகம் கீழே உதிர்ந்தது. அதிலிருந்து, எதைக் கண்டுபிடித்தாலும் முதலில் இன்னொரு வாத்தியத்தில் வாசித்துப் பார்க்கிறேன்.

கானாவுக்கு எந்த ராகம் மாஸ்டர்?

கானாவை ராகத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள். நான் கேட்ட வரையில் பெரும்பாலான கானா நாலைந்து ஸ்வரத்துக்குள் சுற்றும், வரி முடியும்போது ச-வுக்கு வந்து விழும். வேலை முழுக்கச் சொல்லிலும் தாளத்திலும் இருக்கிறது. மரண கானாவில் ஒரு ஸ்வரத்தை இழுத்துக் கொஞ்சம் கீழே சரிய விடுவார்கள் பாருங்கள், அந்தச் சரிவுக்கு 16 பேரிலும் பேர் இல்லை. அபூர்வம் வேண்டும் என்று 72ஐத் தேடுகிறவர்கள் இதையும் ஒரு தடவை காது கொடுத்துக் கேட்கலாம்.

ஆப்புல எல்லா ஸ்கேலும் வந்துருது. அப்புறம் எதுக்கு மண்டைய ஒடச்சிக்கணும்?

ஆப் பேரைச் சொல்லும், கட்டையைக் காட்டும். நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரே நாளில் முப்பது ஸ்கேலைத் தட்டிப் பார்த்தவர் யாரும் மறுவாரம் ஒன்றைக்கூட என் முன்னால் பாடவில்லை. ஒரு மாதத்துக்கு ஒன்று எடுங்கள். முதல் வாரம் கீபோர்டைத் தொடாமல் தம்புரா ஆப்போடு வாயால் மட்டும் பாடுங்கள். எந்த ஸ்வரத்தில் நின்றால் நிம்மதியாக இருக்கிறது, எது அடுத்ததைத் தேடுகிறது என்று நோட்டில் குறியுங்கள். அதற்கு அப்புறம் அந்த ஸ்கேலில் பெரியவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், முன்னாடியே கேட்டால் அவர்கள் நடையே உங்கள் நடையாகிவிடும்.

ஐஸ் வேலைக்குப் போகிறவர் இப்போது மூன்றாவது மாதமாக சுத்த தன்யாசியிலேயே இருக்கிறார். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரத்தில்தான் அவர் பாடிச் சாதகம் செய்கிறார். போன வாரம் வந்து, "மாஸ்டர், நி-ல நின்னா கேட் தொறக்கற வரைக்கும் நிக்கலாம் போலருக்கு" என்றார். அடுத்த ஸ்கேல் வேண்டுமா என்று கேட்டேன், இப்போதைக்கு வேண்டாம் என்றார்.